மறதிக்கு வைத்தியம் கேட்டு வந்தவர்

வயது 47. கணக்குத் தணிக்கை செய்பவர். நரம்பியல் மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு தூக்க மருத்துவப் பிரிவுக்கு வந்தார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: மூளை எம்.ஆர்.ஐ. சரி, தைராய்டு சரி, பி12 சரி, குறட்டை இருப்பதாக மனைவி சொல்கிறார், பார்க்கவும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "டாக்டர், நாற்பத்தேழு வயசுல மறதி நோய் வருமா?"

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தனி ஒரு நோயாளியின் கதை இல்லை. ஒரே மாதிரியான சிக்கலோடு வருபவர்களை ஒருவராகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவீடுகளும் அப்படிச் சேர்த்தவைதான்.

சொன்னதும் சொல்லாததும்

ஒரு வருடமாக வேலையில் தப்பு வருகிறது. 54 என்று இருப்பதை 45 என்று எழுதுகிறார். ஒரே மின்னஞ்சலை ஒரே ஆளுக்கு இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். கூட்டத்தில் யாராவது "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திரும்பினால், கடைசி ஐந்து நிமிடம் என்ன பேசினார்கள் என்பதே மனதில் இருப்பதில்லை. வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார், அப்புறம் வருத்தப்படுகிறார். மூன்று வருடமாக இரத்த அழுத்தம். மூன்று மாத்திரை சாப்பிட்டும் 150/96. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். அதற்காகச் சர்க்கரையும் பார்த்தாயிற்று, புரோஸ்டேட்டும் பார்த்தாயிற்று. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் தலை கனக்கிறது.

இத்தனையும் சொன்னவர் 'தூக்கம்' என்ற சொல்லை ஒரு முறைகூட எடுக்கவில்லை. நானாகக் கேட்டபோது பெருமையாகத்தான் சொன்னார்: "அதுல குறையே இல்ல டாக்டர். தலையணைல தலை பட்டா போதும், தூங்கிடுவேன்." நன்றாகத் தூங்கி எழுகிற ஆளுக்குத் தூக்கம் பிடிக்கப் பத்து இருபது நிமிடம் ஆவது சகஜம். படுத்த நொடியில் விழுவது தூக்கக் கடன் ஏறிக் கிடப்பதன் அடையாளம். பலர் அதைத் தங்கள் உடம்பின் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனைவி அதுவரை பேசவில்லை. கேட்டதும் கொட்டினார். "குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு சத்தம் நின்னுடும். நான் எண்ண ஆரம்பிப்பேன். இருபது, இருபத்தஞ்சு வரைக்கும் போகும். அப்புறம் ஒரு உறுமலோட மூச்சு வரும்." தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதற்கு மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) என்று பெயர். இரண்டு வருடமாக மனைவி பக்கத்து அறையில் படுக்கிறார், ஆனால் கதவைச் சாத்துவதில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எட்டுக் கேள்வித் தாள்

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்டது. படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது என எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண் அசந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை நோயாளியே மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

இவர் தனக்குப் போட்டுக்கொண்டது 8. அதாவது இயல்பு.

அதே தாளை அவர் மனைவியிடம் கொடுத்து, 'இவரைப் பற்றி நீங்கள் நிரப்புங்கள்' என்றேன். 17 வந்தது. இருவரும் அங்கேயே வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். "டி.வி. முன்னாடி நான் தூங்கல, கண்ணை மூடிட்டு இருந்தேன்." "கண்ணை மூடிட்டு குறட்டை விட்டீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. நெடுநாள் தூக்கம் கெட்டவர்களுக்குத் தங்கள் தூக்க மயக்கத்தை அளக்கும் திறனே மழுங்கிவிடுகிறது. 2003-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கவிட்டவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் 'உங்களுக்குத் தூக்கம் வருகிறதா' என்று கேட்டபோது, பெரிதாக ஒன்றுமில்லை என்கிற மாதிரிதான் பதில் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் இப்படி. இவருக்கு எத்தனை வருடமோ!

அதனால் இந்தத் தாளைத் தனியாக நம்புவதில்லை. வண்டி ஓட்டுபவரிடம் வேறு ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பேன்: சிக்னலில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துத்தான் நீங்கள் கிளம்பியது உண்டா? அவர் பதில் சொல்லாமல் மேஜையைப் பார்த்தார். பல தடவை நடந்திருக்கிறது. ஒரு முறை, நான்கு மாதம் முன்னால், கார் சாலையோர மண்ணில் இறங்கிய பிறகுதான் விழித்திருக்கிறார். வீட்டில் டயர் பிரச்சினை என்று சொல்லி வைத்திருக்கிறார். மனைவிக்கு அந்த அறையில்தான் அது தெரிந்தது.

கண் திறந்தபடி இருக்க, மூளை சில நொடிகள் தூங்கிவிடும். இந்த நொடித் தூக்கம்தான் கூட்டத்தில் காணாமல்போன ஐந்து நிமிடத்துக்கும் 54-45 குழப்பத்துக்கும் பொறுப்பு. நினைவில் பதியாத ஒன்றை எப்படி நினைவுகூர முடியும்? மறதி என்று அவர் பயந்தது பெரும்பாலும் கவனம் அறுந்துபோனதுதான். சாலையில் அதே நொடிகளுக்கு விலை வேறு. ஸ்பெயினில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், மூச்சுத்தடை இருப்பவர்களுக்கு விபத்து வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. ஓட்டுநர் உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். என் அறிவுரை மாறாது: சிகிச்சை நிலைக்கும் வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். அவருக்குக் கோபம் வந்தது. சாவியை மனைவி வாங்கிக்கொண்டார்.

தொண்டையும் தூக்கப் பரிசோதனையும்

உடல் பரிசோதனையில் பி.எம்.ஐ. 31, கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ. கீழ்த்தாடை கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. வாயைத் திறந்தால் உள்நாக்கு தெரியவில்லை. மூக்கின் நடுத்தண்டு இடப்பக்கம் வளைந்து அந்தத் துவாரம் பாதி அடைத்திருந்தது. இதைக் குறித்துவைத்தேன். பிறகு மறந்தேன், அதற்கு வருகிறேன். மூச்சுத்தடை இருக்குமா என்று கணிக்கும் 'ஸ்டாப்-பேங்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியலில் ஆறுக்கு 'ஆம்'. ஐந்தோ அதற்கு மேலோ என்றாலே சந்தேகம் வலுவானது.

வீட்டிலேயே செய்யும் சிறிய பரிசோதனை பலருக்குப் போதும். இவருக்கு மூளை அலைகளையும் பார்க்க விரும்பினேன், ஏனென்றால் பேச்சுவாக்கில் இன்னொன்று வெளியே வந்தது: நடு இரவில் விழிப்பு வருகிறது என்று முன்பு எங்கோ சொன்னதற்கு ஒரு தூக்க மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள், எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார். மூச்சுத்தடைக்காரருக்கு இந்த வகை மாத்திரை, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, விழிப்பையும் தாமதப்படுத்தும் அபாயம் கொண்டது. மதுவும் அதே வேலையைச் செய்யும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதால் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம்.

தூக்கப் பரிசோதனையின் முடிவு: ஏ.எச்.ஐ. 41. அதாவது தூங்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 41 முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாக மெலிந்தது. கணக்கில் சேர ஒவ்வொன்றும் 10 நொடியாவது நீடித்திருக்க வேண்டும். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மல்லாந்து படுத்த நேரத்தில் மட்டும் பார்த்தால் 62. இரத்த ஆக்சிஜன் மிகக் குறைந்தது 74 சதவீதம். மிக நீண்ட தடை 71 நொடி, விடியற்காலை கனவுத் தூக்கத்தில். அந்தக் கட்டத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் துவண்டுவிடுவதால் தடைகள் நீண்டுகொண்டே போகும்.

திரையில் இரண்டு நிமிடப் பதிவை அவருக்குக் காட்டினேன். மூச்சுக் கோடு தட்டையாகிறது. நெஞ்சும் வயிறும் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராக எக்கி எக்கி முயல்கின்றன. ஆக்சிஜன் கோடு சரிகிறது. பிறகு மூளை அலையில் ஒரு வெடிப்பு, ஒரு குறட்டை, மூச்சு திரும்புகிறது. முப்பது நொடியில் மறுபடியும் முதலிலிருந்து. "இது நானா?" என்றார்.

தொண்டையில் எலும்புச் சட்டம் இல்லாத ஒரு பகுதி இருக்கிறது. விழித்திருக்கும்போது தசைகள் அதைத் திறந்து வைத்திருக்கும். தூங்கினால் தசை தளரும். இடம் குறுகலாக இருந்தால் நாக்கும் மென்அண்ணமும் சரிந்து வழியை மூடிவிடும். மூளை ஒவ்வொரு முறையும் சில நொடி எழுப்பிவிட்டு வழியைத் திறக்கிறது. காலையில் எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தேன் என்ற கணக்கு மட்டும் மிஞ்சும்.

அவருடைய மற்ற புகார்களும் இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கின்றன. மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாகப் புரிந்துகொண்டு சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால்தான் இரவில் அத்தனை முறை எழுந்தார். கார்பன் டை ஆக்சைடு தேங்குவதால் காலைத் தலைவலி. மணிக்கு நாற்பது முறை அட்ரினலின் பாய்வதால் அடங்காத இரத்த அழுத்தம். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தார். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, அந்த நடு இரவு விழிப்பைத் தவிர, அவர்கள் யாரிடமும் இவர் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

(இவர் பெண்ணாக இருந்திருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும். பெண்கள் பலர் குறட்டையைச் சொல்லி வருவதில்லை. அசதி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்றுதான் வருகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையோடு திரும்பிப் போகிறார்கள்.)

முதல் மாதம், என் தவறு

தீவிர நிலைக்கு முதல் சிகிச்சை சிபாப் கருவி. மாஸ்க் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை சரியாமல் தாங்கிப் பிடிக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-ல் இதை வெளியிடும் வரை தீவிர நோயாளிகளுக்குப் பலன் தரும் வழி என்று இருந்தது கழுத்தில் துளை போடுவதுதான். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி, லேசான, நடுத்தர நிலைக்கும் சிபாப் ஒத்துவராதவர்களுக்கும் நன்றாக உதவும். நாக்கு நரம்பைத் தூண்ட உடலுக்குள் பதிக்கும் கருவியும் உண்டு, ஆனால் அது முதல் படி இல்லை. எடை குறைப்பதை எல்லோரிடமும் பேசுவேன். பத்து சதவீதம் எடை குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்று நீண்டகாலத் தரவுகள் சொல்கின்றன. உடற்பருமனோடு நடுத்தர, தீவிர மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செப்படைடு ஊசியை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் எடை இறங்க மாதங்கள் பிடிக்கும். இவருக்கு இன்றிரவே மூச்சு வேண்டும்.

சரி, சிபாப் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து வந்தவர், "தினமும் போடறேன் டாக்டர், ஒண்ணும் மாறல" என்றார். கருவியின் பதிவு வேறு சொன்னது: சராசரி 2 மணி 10 நிமிடம். முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் பதிவை இரவு இரவாகத் திறந்து பார்த்தால் ஒரே வடிவம். பதினோரு மணி வாக்கில் ஆரம்பிக்கிறது. ஒரு மணி வாக்கில் காற்றுக் கசிவு எகிறுகிறது, அழுத்தம் 14-ஐத் தொடுகிறது, கருவி நிற்கிறது. தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருக்கிறார். காலையில் அது கட்டிலுக்குக் கீழே கிடப்பதை அவரும் பார்க்கிறார், எப்போது கழற்றினோம் என்று தெரியவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

தவறு என்னுடையது. வாயால் மூச்சு விடுகிறார் என்று பார்த்ததும் மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கைக் கொடுத்துவிட்டேன். அது தாடையைப் பின்னே தள்ளும், அதனால் கூடுதல் அழுத்தம் கேட்கும், கன்ன ஓரமாகக் கசியும். அவர் வாயால் மூச்சு விடக் காரணமே அடைத்த மூக்கு. அதை முதல் நாளே என் கையால் எழுதி வைத்திருந்தேன். மறதிக்கு வைத்தியம் பார்ப்பவனின் லட்சணம் இது.

மூக்கு ஸ்பிரே ஆரம்பித்தோம். கருவியில் வெந்நீர் ஈரப்பதமூட்டியை இயக்கினோம். இரண்டு வாரம் கழித்து, மூக்கை மட்டும் மூடும் சிறிய மாஸ்க்குக்கு மாறினோம். அதோடு ஒரு பயிற்சி: மாலையில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போது இருபது நிமிடம் மாஸ்க் அணிந்திருப்பது. தூங்கும் முயற்சியே வேண்டாம், முகத்துக்கு அது பழகினால் போதும். அழுத்தம் 14-லிருந்து 9-க்கு இறங்கியது. இரண்டாம் மாத முடிவில் இரவு முழுக்க மாஸ்க் முகத்தில் இருந்தது. மிச்ச ஏ.எச்.ஐ. 2.8.

நல்ல மாஸ்க் கிடைத்த முதல் வாரத்திலேயே இரவில் சிறுநீருக்கு எழுவது நின்றது. தலைவலியும் போனது. மனைவி பழைய அறைக்குத் திரும்பினார். முதல் சில நாள் அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. "சத்தமே இல்ல டாக்டர். மூச்சு இருக்கான்னு கை வெச்சு பாத்துட்டே இருந்தேன்."

ஏறிய மதிப்பெண்

மூன்றாம் மாதம் எப்வொர்த் தாளை மறுபடி கொடுத்தேன். முதலில் 8 போட்டவர், கருவி சரியாக வேலை செய்யும் இந்த நேரத்தில் 11 போட்டார். சிகிச்சையால் மோசமாகிவிட்டாரா? 'சிகிச்சைக்கு முன் நீங்கள் இருந்த நிலைக்கு இப்போது மதிப்பெண் போடுங்கள்' என்றேன். யோசித்து 18 எழுதினார். மனைவி போட்டதைவிட ஒன்று அதிகம். விழிப்பு என்றால் என்ன என்று தெரிந்த பிறகுதான் தூக்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் 11 என்பது 11தான். பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னும் கண் சொருகுகிறது என்றார். இங்கே அவசரப்பட்டு விழிப்பூட்டும் மாத்திரை எழுதும் சபலம் வரும். மோடாஃபினில், சோல்ரியாம்ஃபெடால் போன்றவை இருக்கின்றன, எஞ்சிய தூக்க மயக்கத்துக்கு உதவுகின்றன. அவை தொண்டைக்கு ஒன்றும் செய்யாது. எழுதுவதற்கு முன் கருவியின் கடிகாரத்தைப் பார்த்தேன். 12:15-க்குத் தொடங்கி 5:30-க்கு முடிகிறது, வாரத்தில் ஆறு நாள். கருவி இரவு முழுக்க ஓடுகிறது, இரவுதான் சின்னது. உடம்பு தெளிந்ததும், விட்டுப்போன வேலையை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து முடிக்க ஆரம்பித்திருக்கிறார்!

ஓர் இரவுக்கு 4 மணி நேரம் கருவி அணிந்தால் போதும் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. காப்பீட்டுக்காரர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வசதியான எல்லை அது. 2007-ல் வெளிவந்த ஆய்வொன்று மூன்று வெவ்வேறு அளவுகளைக் காட்டியது. எப்வொர்த் மதிப்பெண் இயல்புக்குத் திரும்ப ஏறக்குறைய 4 மணி நேரம், ஆய்வகத்தில் அளக்கும் பகல் தூக்கம் இயல்புக்குத் திரும்ப 6, அன்றாடச் செயல்பாடு இயல்புக்குத் திரும்ப 7.5. இவரை 11 மணிக்குப் படுக்க வைத்தோம். மாத்திரை எழுதவில்லை. ஆறு வாரத்தில் எப்வொர்த் 6.

கவனத்திறனுக்குப் பத்து நிமிடப் பரிசோதனை ஒன்று வைத்திருக்கிறோம். திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதித்தால் ஒரு தவறல். முதலில் 14 தவறல், நான்காம் மாதம் 3. அதன் பிறகு, மங்கலான அறையில் நாற்பது நிமிடம் தூங்காமல் உட்காரும் சோதனை நான்கு முறை நடந்தது. நான்கிலும் விழித்திருந்தார். கார் சாவி திரும்பக் கிடைத்தது. எண்கள் இடம் மாறுவது நின்றுவிட்டது என்றார். பெயர்கள் மட்டும் இன்னும் நாக்கு நுனியில் நிற்கின்றன. நெடுநாள் மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு நினைவாற்றல் முழுக்கத் திரும்பும் என்று நான் உறுதி சொல்வதில்லை. ஆய்வு முடிவுகள் அந்த இடத்தில் ஒரே குரலில் பேசவில்லை.

இதயத்தைப் பற்றியும் வாக்குக் கொடுப்பதில்லை. 2016-ல் வெளியான 'சேவ்' ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை இரத்தக்குழாய் நோய் உள்ள சுமார் 2,700 பேரில், சிபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. அவர்கள் சராசரியாக அணிந்தது 3.3 மணி நேரம்தான் என்பதும் உண்மை. ஆனால் அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது, வேலைக்குப் போக முடியாத நாட்கள் குறைந்தன. நோயாளியிடம் நான் முன்வைப்பது பகலைத்தான். இவருடைய இரத்த அழுத்தம் 138/88-க்கு வந்திருக்கிறது. மூன்று மாத்திரைகளும் தொடர்கின்றன.

ஒன்பதாம் மாதம் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு நாள் வெளியூர்ப் பயணம், கருவியை எடுத்துப்போகவில்லை. "பழைய ஆள் திரும்பி வந்துட்டான் டாக்டர். ரெண்டாம் நாள் மத்தியானம் மீட்டிங்ல எல்லாரும் என்னையே பாத்துட்டு இருக்காங்க, கேள்வி என்னன்னே தெரியல." பயணப் பெட்டியில் நிரந்தரமாக ஓர் உதிரி மாஸ்க் வைத்திருக்கிறார் மனைவி. எடை 4 கிலோ குறைந்திருக்கிறது. அடுத்த சந்திப்பில் அழுத்த அளவை மறுபடி பார்க்க வேண்டும். மூக்குத் தண்டை நேராக்கும் அறுவைச் சிகிச்சை தேவையா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். அதைக் குறிப்பேட்டின் முதல் வரியில், சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.